கொழுந்து சுமந்த டிராக்டர்

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைச் சரிவில் பழைய, பெரிய டிராக்டர் ஒன்று நிற்குமானால், அது எந்த நிலத்தை உழுதது என்று தேடுவதால் பயனில்லை. தேயிலைச் செடி ஒருமுறை வேரூன்றியபின் பல பத்தாண்டுகள் அதே இடத்தில் நின்று விளைச்சல் தருவதால், தோட்டத்தில் ஆண்டுதோறும் ஏர் பூட்டும் வேலையே கிடையாது; வட்டவடை, காந்தளூர்ப் பகுதிகளில் காய்கறி விளையும் படிவயல்களோ, பெரிய எந்திரம் சென்று திரும்ப முடியாத அளவுக்குக் குறுகியவை. கீழே உடுமலைப்பேட்டைச் சமவெளியில் உழவுக்கும் பாரத்துக்கும் ஒருசேரப் பயன்படும் இவ்வண்டி, மலைக்கு வந்தபோது பெரும்பாலும் இழுவைக்கென்றே வந்தது. ஆகவே இங்குள்ள பழைய டிராக்டரைப் புரிந்துகொள்ள விரும்புவோர் கலப்பையை மறந்துவிட்டு, அதன் பின்னால் மாட்டப்பட்ட டிரெய்லரையும் அதில் ஏறிய கொழுந்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

பறித்த கொழுந்து காத்திருக்கும் சரக்கு அன்று. செடியிலிருந்து பிரிந்த பிறகும் இலை சுவாசித்துக்கொண்டே இருப்பதால் வெப்பம் உண்டாகிறது. மூட்டையில் இறுக அடைத்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி இலை கன்றிச் சிவந்து, தூளின் தரமும் கெட்டுவிடுகிறது. அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர் என்பதால், ஒரு கிலோ தூளுக்கு 4 கிலோவுக்கும் மேற்பட்ட பச்சை இலையைச் சில மணி நேரத்துக்குள் பாக்டரிக்குக் கொண்டுசேர்க்க வேண்டியுள்ளது. செடிகளுக்கு இடையே செங்குத்தான சரிவில் அம்மூட்டைகளைச் சுமந்து, எடை போடும் இடம் வரை கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய சுமை இறங்கும் இடத்தில்தான் டிராக்டரின் வேலை தொடங்குகிறது என்பதையும், சரிவில் அவர்கள் படும் பாட்டை எந்தச் சக்கரமும் குறைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இவ்வண்டியின் வரலாறு நேர்மையானதாகும்.

பாரம் இழுப்பது இம்மலையின் பழைய சிக்கல். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைப் பெற்றதும், 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியதும் பலரும் அறிந்த செய்திகள். தூளை மலையிலிருந்து இறக்கிய வழிகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே, மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் ஓட, சாயாமல் தாங்கும் பெரிய சக்கரம் ஒன்று பக்கவாட்டில் தரையின்மேல் உருளும் அமைப்பு அது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி சரக்கு போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கியது. 1908இல் அப்பாதை நீராவி எஞ்சின் ஓடும் குறுகிய ரயில்பாதையாக மாறி, 1924 ஜூலைப் பெருவெள்ளத்தில் அழிந்துபோனது. அதன்பின் மலையில் ரயில் ஓடவில்லை. மாட்டின் தோளும் நீராவியும் சுமந்த பொறுப்பு, பின்னாளில் சாலையில் ஓடும் டீசல் வண்டிகளின் மேல் வந்து சேர்ந்தது.

தென்னாட்டில் பழைய டிராக்டர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிவப்பு நிற மாசி பெர்குசன். வட அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசனின் டி.இ.20 என்னும் வண்டி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவானது. அவருடைய கம்பெனி 1953இல் கனடாவின் மாசி ஹாரிசுடன் இணைந்தது. அக்கூட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டே 1960இல் சென்னையில் டாஃபே என்னும் டிராக்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. பெர்குசனின் பெருமை மூன்று முனை இணைப்பு எனப்படும் அமைப்பில் உள்ளது: கலப்பையை மூன்று கைகளால் பிடித்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கி, மண்ணின் எதிர்ப்பையே பின்சக்கரங்களை அழுத்தும் பாரமாக மாற்றித்தரும் நுட்பம் அது. உலகெங்கும் உழவை மாற்றிய அந்த அமைப்புக்குத் தேயிலை மலையில் வேலை குறைவு. டிரெய்லர் மாட்டும் சாதாரண இழுவைக் கம்பியே இங்கு எல்லாம் செய்தது.

அக்கம்பி எந்த உயரத்தில் இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. எஞ்சினின் திருகுவிசை பின்அச்சில் செயல்படும்போது, பாரம் மிகுந்தோ சேற்றில் புதைந்தோ பின்சக்கரம் சுழல மறுத்தால், அவ்விசை டிராக்டரின் முன்பகுதியை மேலே தூக்கப் பார்க்கிறது. ஏற்றத்தில் வண்டியின் எடை முன்பே பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், கண்மூடித் திறப்பதற்குள் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். பாரத்தைப் பின்அச்சுக்குக் கீழே மாட்டினால் இழுவை முன்சக்கரத்தைத் தரையில் நிறுத்துகிறது. அச்சுக்கு மேலே மாட்டினால் கவிழ்வதற்குத் துணைபோகிறது. இறக்கத்தின் ஆபத்து வேறு வகையினது. தனி பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது கிளட்சை மிதித்தால் எஞ்சின் தரும் தடை நீங்கி வண்டி கட்டுக்கடங்காமல் உருளும் என்பதால், இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். வயலில் சட்டெனத் திரும்புவதற்காக இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் தனித்தனியே வைக்கப்பட்ட இரு பிரேக் மிதிகளைச் சாலையில் கொண்டியால் இணைக்கத் தவறினால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி பள்ளத்தை நோக்கித் திரும்பிவிடக்கூடும். ஸ்வீடன் 1959லேயே புதிய டிராக்டர்களில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. நம் பழைய வண்டிகளின் இருக்கைக்கு மேலே வெறும் வானம்தான். அந்த இருக்கையில் அமர்ந்து, மழையில் வழுக்கும் வளைவுகளில் நாள்தோறும் கொழுந்து இறக்கிய ஓட்டுநர்களின் திறமை, எந்தப் பொறியாளரின் திறமைக்கும் குறைந்ததன்று.

அத்தகைய உழைப்புக்குச் சட்டமும் உரிய இடம் தரவில்லை. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குப் பழம்பெரும் வாகனம் என்னும் தகுதியைத் தருகின்றன. ஆனால் அத்தகுதி சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் உரியது. உல்லாசத்துக்கு ஓடிய கார் பாரம்பரியமாகப் போற்றப்பட, ஊருக்குச் சோறு போட்ட டிராக்டர் காயலான் கடைக்கு எடைபோட்டு விற்கப்படுகிறது. மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகம் 1905ஆம் ஆண்டின் இலை உருட்டும் எந்திரத்தையும், வெள்ளத்தில் அழிந்த ரயிலின் எஞ்சின் சக்கரத்தையும் காத்து வைத்திருக்கிறது. உழைத்து ஓய்ந்த டிராக்டருக்கும் அந்த வரிசையில் உரிமை உண்டு. அவ்வாறு நிறுத்தும்போது வண்ணம் பூசி மெருகேற்றிய வண்டியை மட்டும் நிறுத்தினால் போதாது. டிரெய்லரும் எடைத்தராசும் கொழுந்துச் சாக்கும் உடன் இருக்க வேண்டும். எந்த வளைவில் எந்தக் கியர், எந்த மாதத்தில் எவ்வளவு பாரம் என்பனவற்றை, ஓட்டியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.