சோறு போடும் காது



சினிமாப் படிப்பு என்றால் நடிப்பும் டைரக்‌ஷனும்தான் என்று நினைக்கிறோம். சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவும் ஒரு பட்டப்படிப்பு. வசனம் எடுத்த இடத்திலேயே, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, அரை நிமிஷமாவது அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் பதிவு செய்வது இந்தத் தொழிலின் பாலபாடம். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே அதை வைக்காவிட்டால் காது அடைத்த மாதிரி இருக்கும். புனேயில் ஒலிப்பதிவு படித்த ரசூல் பூக்குட்டி 2009இல் ஆஸ்கர் வாங்கினார்.

நிட்டிங் கம்பெனியில் இருக்கும் என் பழைய மாணவன், "பையன் இதைத்தான் படிக்கோணும்ங்கறான். சோறு போடுங்களா சார்?" என்றான்.

"மிஷின் சத்தம் மாறினாலே ஓடிப்போய் நிறுத்துவியே, அந்தக் காதுதானப்பா உனக்கும் சோறு போடுது" என்றேன்.

இன்னும் யோசிக்கிறான். இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் யாராவது அவனோடு பேசுங்கள். வருமானம் உட்பட உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.