காக்கிச் சட்டையும் கால்பந்தும்

கடலூர்னா நம்மாளுங்களுக்கு சில்வர் பீச் தெரியும், அடிக்கடி வர்ற புயல் தெரியும். இந்துமதி கதிரேசன்னு கேட்டா முழிப்பாங்க. 1994ல கடலூர்ல பொறந்து, இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு நடுக்களத்துல ஆடினவங்க.

மிட்ஃபீல்டர் பொழப்பே அப்படித்தான் போல. பந்தைப் பிடுங்கி முன்னாடி கொண்டு போய்க் கொடுக்கணும். பேப்பர்ல பேரு கோல் போட்டவங்களுக்கு!

2018ல கட்டாக்ல தமிழ்நாடு முதல் தடவையா தேசிய சாம்பியன் ஆச்சு. ஜெயிச்சது யாரை? மணிப்பூரை! மகளிர் கால்பந்துல அவங்க, ரஞ்சிக்கு மும்பை மாதிரி. 2019ல சேது எஃப்.சி.க்கு இந்திய மகளிர் லீக், நேபாளத்துல இந்தியாவுக்கு தெற்காசியக் கோப்பை. எல்லாத்துலயும் இவங்க இருந்தாங்க. 2020 ஊரடங்குல, சென்னையில மாஸ்க் போட்டுக்கிட்டு சப்-இன்ஸ்பெக்டரா ரோட்டுல டூட்டி பார்த்தாங்க.

இதையெல்லாம் சிதம்பரத்துல இருக்கற எங்க மாமாகிட்ட சொன்னேன். அக்கா பொண்ணு எட்டாவது படிக்கறா, பந்துன்னா உசுரு. "முட்டி ஒடஞ்சா எவன்டா கட்டிப்பான்?"ங்கறது மாமா கட்சி. கோப்பைக் கதைக்கெல்லாம் மனுஷன் அசையவே இல்ல. "எஸ்.ஐ.யா இருக்காங்க மாமா"ன்னதும் நிமிர்ந்து உக்காந்தார்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?"

இந்தியாவுக்கு ஆடினதைவிட காக்கிச் சட்டை பெருசாப் போச்சேன்னு எனக்கு எரிச்சல்தான். ஆனா மறுவாரமே ஷூ வந்துடுச்சு. ஒரு சைஸ் பெருசு. வளர்ற புள்ளையாம், ரெண்டு வருஷம் வரணுமாம் :-)