பெட்டியருகே அமர்ந்திருந்தவர்

விடுமுறை நெருங்குகிறதென்றாலே இல்லங்களில் ஒரு தனி மகிழ்ச்சி பிறந்துவிடுகிறது. எங்கள் தம்பியின் இல்லத்தில் அம்மகிழ்ச்சி சற்று மிகுதியாகவே இருக்கும். அவர் இரயில்வே ஊழியர். பல ஆண்டுகள் மனைவி மக்களுடன் நாகபுரியில் வாழ்ந்தார். சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் இருப்புப்பாதையும், மும்பையிலிருந்து ஹவுராவுக்குச் செல்லும் பாதையும் குறுக்கிடும் இடம் அது. நாற்றிசைக்கும் வண்டி உண்டு. ஊழியருக்குரிய இலவசப் பயணச் சீட்டும் உண்டு. விடுமுறையில் இந்திய நாட்டைச் சுற்றிப் பார்க்க வேறென்ன வேண்டும்? மூன்று பயணங்களில் நாங்களும் அக்குடும்பத்தாருடன் சேர்ந்துகொண்டோம்.

முதற்பயணம் 2004 மே மாதத்தில் டார்ஜிலிங்குக்கு. ஹவுரா சென்று, அங்கிருந்து நியூ ஜல்பைகுரியை அடைந்து, மலை இரயிலில் ஏறினோம். 1881-ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் வண்டி அது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் இரண்டே அடி. கடைகளின் வாசலை உரசுவதுபோல் வளைந்து வளைந்து ஏறி, 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்தைக் கடந்து, பிறகு டார்ஜிலிங்குக்கு இறங்குகிறது. பிள்ளைகள் சன்னலை விட்டு நகரவேயில்லை. மறுநாள் விடியுமுன் புலிக்குன்றுக்குச் சென்றோம். மேகம் விலக, 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா சிகரம் முதலில் சிவந்து, பின் பொன்னாகி, இறுதியில் வெண்மையாய் ஒளிர்ந்தது. பேச்சற்று நின்றோம். தம்பியின் மனைவி மட்டும் வரவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல், அவனோடு அறையில் தங்கிவிட்டார். "அதனாலென்ன, நீங்கள் பார்த்தால் போதாதா?" என்றார். நாங்களும் போதும் என்றே எண்ணினோம்.

இரண்டாவது பயணம் 2006-இல் கோவாவுக்கு. மும்பையிலிருந்து, 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் இரயில் பாதையில் சென்றோம். ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளத்தாக்கு. இரத்னகிரியை அடுத்துள்ள கர்புடே சுரங்கம் ஆறரைக் கிலோமீட்டர் நீளம். அது முடிவதற்குள் பிள்ளைகள் நூறுவரை பலமுறை எண்ணிவிட்டனர்.

பழைய கோவாவில் குழந்தை இயேசு பேராலயம் 1605-இல் கட்டி முடிக்கப்பட்டது. சுதைப்பூச்சின்றிச் செம்பாறாங்கல் வெளித்தெரிய நிற்கிறது. உள்ளே வெள்ளிப் பேழையில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல். 1542-இல் கோவாவில் வந்திறங்கிய அவர், அவ்வாண்டே நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, கடலோர மக்களிடையே உழைத்தவர். தம்பியின் மனைவியோ மணப்பாட்டை அடுத்த கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர். "எங்கள் ஊர் மணலில் நடந்த புனிதர்" என்று தம் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர். ஆயினும் அன்று நடந்ததென்ன? பெட்டிகளைக் காக்க ஒருவர் வெளியே இருக்க வேண்டியதாயிற்று. இருந்தவர் அவரே. நாங்கள் நிதானமாகச் செபித்துத் திரும்பிய பின் அவர் உள்ளே சென்றார். ஐந்து நிமிடத்துக்குள், "வண்டிக்கு நேரமாகிறது" என்று தம்பி அழைத்துவிட்டார். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். வியர்வை என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாவது பயணம் 2010 தீபாவளி விடுமுறையில் ஆக்ராவுக்கு. அங்கே ஒரு தவறு செய்தோம். வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகாலைப் பார்வையாளருக்குத் திறப்பதில்லை என்பதை அறியாமல் வெள்ளியன்று போய் இறங்கினோம். எனவே கோட்டையைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினோம். பொழுது போகாமல், பத்தாம் வகுப்பில் படித்த மூத்தவள் புகைப்படக் கருவியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரெனத் தலை நிமிர்ந்து, "அப்பா, அம்மா எந்தப் படத்திலும் இல்லையே! வீட்டிலிருக்கும் டார்ஜிலிங், கோவா படங்களிலும் இல்லையே!" என்றாள்.

யாரும் பேசவில்லை. அவ்வேளையிலும் அந்த அம்மையார் குளியலறையில் எல்லாருடைய துணிகளையும் துவைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. இரு நாள் பயணத்துக்கு வேண்டிய இட்டலியும் புளிச்சோறும் சப்பாத்தியும் கட்டியவர் யார்? எல்லாருக்கும் முன் எழுந்து, எல்லாருக்கும் பின் உறங்கியவர் யார்? எங்களுக்கு விடுமுறை, அவருக்கு அடுப்பங்கரை இடம் மாறியது, அவ்வளவே. தம்பியை மட்டும் குறை கூற எங்களுக்கு உரிமையில்லை. பரிமாறிய சோற்றை உண்டுவிட்டு முதலில் புறப்பட்டவர்களில் நாங்களும் இருந்தோமே!

மறுநாள் பைகளோடு தம்பி வெளியே அமர்ந்துகொண்டார். "நீ முதலில் போ, அவசரமில்லை" என்று மனைவியிடம் சொன்னார். பிள்ளைகள் தாயைக் கைபிடித்து அழைத்துச் சென்றனர். அவர் அந்த வெண்பளிங்கு மாளிகையை நெடுநேரம் பார்த்து நின்றார். மும்தாஜ், கணவர் ஷாஜகான் சென்ற போர்ப்பயணங்களிலெல்லாம் உடன் சென்றவர். அப்படிச் சென்றிருந்தபோதுதான் 1631-இல் புர்ஹான்பூரில் பதினான்காவது மகவை ஈன்று மாண்டார். மறு ஆண்டு இக்கல்லறைப் பணி தொடங்கியது என்று வழிகாட்டி கூறியதை விளக்கிச் சொன்னோம். கேட்டுவிட்டு, "போன இடத்திலெல்லாம் அந்த அம்மாவை உட்காரச் சொன்னவர்கள் உண்டா, சாமி?" என்றார். எங்களிடம் விடையில்லை.

அன்றிரவே தம்பி ஒரு தாளை எடுத்தார். துணி துவைப்பது ஒருவர், பெட்டி காப்பது முறை வைத்து, பயணத்தில் ஒருவேளை உணவாவது கடையில் என்று பிள்ளைகளோடு அமர்ந்து எழுதினார். எழுதியதை எப்போதும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்லமாட்டோம். சின்னவன் துவைத்த சட்டைகள் அழுக்காகவே உலர்ந்ததுண்டு. ஆனால் தாள் கிழிபடவில்லை.

2014-ஆம் ஆண்டு இறுதியில், பத்தாண்டுகளுக்கொரு முறை நடைபெறும் சவேரியார் திருவுடல் காட்சிக்காக அக்குடும்பம் மீண்டும் கோவா சென்றது. நாங்கள் பணி நிமித்தம் செல்ல இயலவில்லை. பேராலயத்திலிருந்து தலைமைக் கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த திருவுடலைக் காண நீண்ட வரிசையில் நின்றார்களாம். தரிசித்த பின், அந்த அம்மையார் குழந்தை இயேசு பேராலயத்தில் தம் விருப்பம்போல் அமர்ந்திருந்தாராம். பெட்டிகள் தம்பியிடம். யாரும் அழைக்கவில்லை. அவராகவே எழுந்து வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்றாம். அன்று எடுத்த படமொன்றை மூத்தவள் எங்களுக்கு அனுப்பியிருந்தாள். நடுவில் அவள் தாய், சிரித்த முகம்.

அன்புக் குடும்பத்தாரே, இவ்வாண்டு விடுமுறைக்கு எங்கே செல்வதென்று நீங்களும் கலந்து பேசிக்கொண்டிருக்கலாம். மலைக்கோ கடலுக்கோ, எங்கேயாயினும் செல்லுங்கள். புறப்படுமுன் வீட்டிலுள்ள பழைய படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவற்றில் யார் இல்லை என்று பாருங்கள். அவரிடம், "உனக்கு எங்கே போக ஆசை?" என்று கேளுங்கள். பெட்டியருகே இம்முறை நீங்கள் அமருங்கள்.