திண்ணையில் வைத்துச் சொன்ன கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளும் ஆசிரியை, போன வாரம் போனில் கேட்டாள்: "மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை வரப்போகுது டீச்சர். நீங்க மூணு தடவ போயிருக்கீங்களே, ஏதாவது சொல்லுங்க." 1991, 2001, 2011 என்று மூன்று முறை போனது உண்மைதான். ஆனால் எனக்கு நினைவு வந்தது 2024 தொடக்கத்தில் எங்கள் தெருவுக்கு வந்த வேறொரு கணக்கெடுப்பு. போனில் அரைகுறையாகச் சொன்னேன். இங்கே முழுவதும் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனில் சிக்கி, சுமார் 800 பேர் சோறு தண்ணீர் இல்லாமல் தவித்த அதே வெள்ளம்தான். எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் அழியாமல் இருந்த சமயத்தில், கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி வந்தான். ரேஷன் கடையில் ஆறாயிரம் ரூபாய் வாங்கியிருந்த தெரு, அடுத்த நிவாரணம் வருகிறது என்று அவனைச் சூழ்ந்துகொண்டது.

அவன் வந்தது வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புக்கு. 2023 ஆகஸ்டிலிருந்து 2024 ஜூலை வரை நாடு முழுக்க எடுத்தது. மொத்தம் 2,61,953 வீடுகள். ஒரு பகுதிக்குப் பதினெட்டு வீடு. மாதம் ஒரு தடவையாக மூன்று தடவை வருவார்கள். அரிசி, பருப்பு, மீன் ஒரு தடவை. மருந்து, பள்ளிக் கட்டணம், போன் ரீசார்ஜ் ஒரு தடவை. துணிமணி, ஃபிரிட்ஜ், கட்டில் ஒரு தடவை. வீடு வீடாகப் பட்டியல் எடுக்கும்போதே "கார் இருக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான், தெரு அரண்டுவிட்டது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. கார் வைத்திருந்தால் கிடையாது, வருட வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் கிடையாது என்று விதி. செலவைச் சொன்னால் ஆயிரத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு பரவியது. அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கிறவனும் சர்க்கார், கொடுக்கிறவனும் சர்க்கார் என்றால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பதினெட்டில் எங்கள் வீடும் ஒன்று. இன்னொரு வீட்டு மருமகள் என்னிடம் வந்து, "சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டாள். நான் பாடம் எடுத்தேன். 2008-ஆம் வருடப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி வாங்குகிற விவரத்தைப் புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம், இன்னார் சொன்னது என்று தெரிகிற மாதிரி வெளியிடக் கூடாது என்றேன். 2017-18-இல் எடுத்த செலவுக் கணக்கைத் தரம் சரியில்லை என்று அரசு வெளியிடாமலே விட்டதையும், அதனால் 2011-12 கணக்கை வைத்தே விலைவாசிக் குறியீடு அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். "சர்க்கார் வெளிய சொல்லாது, தைரியமா சொல்லு" என்று முடித்தேன்.

இரண்டாம் தடவை அந்தத் தம்பி வந்தபோது அவள் மாமியார் ஏரலுக்குப் போயிருந்தார். துணைக்கு நான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். மருந்துச் செலவு என்று கேட்டதும் அவள் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். பிறகு ஒரு தொகை சொன்னாள். தையலில் வந்த காசு. வீட்டில் யாருக்கும் தெரியாமல் திருநெல்வேலி போய்வந்த செலவு. எதற்கு என்பதை எழுத மாட்டேன்.

சாயங்காலம் கோயில் வாசலில் பூ வாங்கும்போது, "பாவம், மருந்துக்கே இவ்வளவு போகுது அந்தப் பிள்ளைக்கு" என்று ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். இரக்கத்தில்தான் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நமக்கு ஒரு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் இருந்தது என்று இப்போது படுகிறது.

மூன்றாம் நாள் ரேஷன் கடை வரிசையில் மாமியார் காதுக்குப் போய்விட்டது. சண்டை இல்லை. அந்த வீட்டில் ஒரு வாரம் யாரும் அவளிடம் பேசவில்லை, அவ்வளவுதான். அவள் என்னிடம் வந்து அழவும் இல்லை. "சர்க்கார் வெளிய சொல்லாதுன்னு சொன்னீங்க டீச்சர். சர்க்கார் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியூரில் இருக்கும் என் மகனிடம் சொன்னேன். அவன் கம்ப்யூட்டர்காரன். பெயரையும் கதவு எண்ணையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டுப் பதிலையும் ஆய்வாளர்களுக்குக் கொடுப்பார்கள், அதிலும் ஆபத்து உண்டு என்றான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1997 வாக்கில் லடான்யா ஸ்வீனி என்ற மாணவி, பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளையும் வாக்காளர் பட்டியலையும் ஒத்துப் பார்த்து, மாநில ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்தாராம். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு, இந்த மூன்றே போதுமாக இருந்திருக்கிறது. கேட்டுக்கொண்டேன். எங்கள் தெருவில் அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மக்கள்தொகைப் படிவத்தில் திருமணமான பெண்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது. மூன்று கணக்கெடுப்பிலும் அதைத் திண்ணையில் வைத்துத்தான் கேட்டிருக்கிறேன். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். சிலர் குரலைத் தாழ்த்துவார்கள். "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்று வகுப்பில் சொல்வது போலச் சொல்லியிருக்கிறேன். 1948-ஆம் வருடச் சட்டப்படி அந்தப் படிவத்தை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகக்கூட எடுக்க முடியாது. படிவத்தை நானும் பத்திரமாகத்தான் கட்டிக்கொடுத்தேன்.

2023-24 முடிவுகள் பிறகு வந்தன. தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய். அந்த இரண்டாவது எண்ணுக்குள் அவளுடைய மருந்துக் காசும் எங்கேயோ கிடக்கிறது.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன், முழுதும் வாசித்தும் காட்டினேன். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். யார் என்று கமெண்டில் கேட்க வேண்டாம்.

மூன்றாம் தடவை அந்தத் தம்பி வந்தபோது, "உள்ள உட்கார்ந்து கேளுப்பா, கூட யாரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் போனபின் அவள் மதில் பக்கம் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "உங்ககிட்ட என்னல்லாம் கேட்டாவ டீச்சர்?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் மகனுக்கே தெரியாமல் என் தம்பிக்கு மாதாமாதம் நான் அனுப்பும் பணத்தையும் சேர்த்து. அவன் அதைக் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். இப்போது மகனும் இதை வாசிப்பான். வாசிக்கட்டும்.