குட்டியானைக்கு பிரேக் பேட் மாத்தின கதை

கொடைக்கானல் போயிருக்கீங்கன்னா செம்பட்டியை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பார்த்ததே தெரியாம கடந்து போயிருப்பீங்க, அதான் வித்தியாசம். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவுல, டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டுற ஊர். கார்த்திகை, மார்கழியில குமுளி பக்கம் போற ஐயப்ப சாமிங்க வேன். தை பொறந்தா பழனிக்கு நடந்து போற கூட்டம். ராத்திரி பன்னெண்டு மணிக்கும் ரோட்டோரம் ஆள் நடந்துக்கிட்டேதான் இருக்கும். சின்னப் பசங்க, வயசானவங்க, காவடி தூக்கினவங்க, கால்ல துணி சுத்தினவங்க...

இதை எதுக்குச் சொல்றேன்னா, இந்தப் பதிவு பிரேக்கைப் பத்தினது.

எங்க மாமா ஒருத்தர் ஆத்தூர் பக்கம் கண்மாய் மீன் யாவாரம் பண்றார். அவர்கிட்ட ஒரு குட்டியானை இருக்கு. மேல பரிசலைக் கவுத்துப் போட்டுக் கட்டி, உள்ள வலை, ஐஸ் பொட்டின்னு ஏத்திக்கிட்டு விடியக்காலை கண்மாய்க்குள்ளயே இறக்கிருவார். முன் சக்கரம் பாதி தண்ணிக்குள்ள நிக்கும். வெள்ளைக்காரன் ஊர்ல படகு இழுக்கறதுக்குன்னே தனியா ட்ரெய்லர் வச்சிருக்கான். இங்க பரிசலுக்கு மாமாவோட குட்டியானைதான் ட்ரெய்லர் :-)

போன தை மாசம் போன் பண்ணினார்.

"மாப்ள, வண்டி முன்னாடி கீச்சுனு கத்துது. மிதிச்சா சத்தம் ஜாஸ்தியாகுது. இங்கிட்டு வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போ."

"கத்தட்டும் மாமா. கத்துறது நல்லதுதான். நான் வர்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க."

விளையாட்டுக்குச் சொல்லல. நிறைய பிரேக் பேடுகள்ல ஒரு சின்னத் தகர நாக்கு வச்சிருப்பாங்க. பேட் தேய்ஞ்சு தீரப் போகுதுன்னா அந்த நாக்கு டிஸ்க்கை உரசிக் கத்தும். அந்தச் சத்தம் வந்தப்புறமும் ஓட்டினா, அடுத்தது இரும்பும் இரும்பும் உரசுற கரகர சத்தம். அப்ப டிஸ்க்கும் சேர்ந்து காலி.

ஞாயித்துக்கிழமை போய்ச் சேர்ந்தேன். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லை முட்டுக் கொடுத்து, வீல் நட்டைத் தரையில வச்சே லேசா இளக்கி, அப்புறம் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ள விடாதீங்க சாமி. கழட்டின சக்கரத்தையாவது சேஸுக்கு அடியில படுக்கப் போடுங்க. ஜாக்கி வழுக்கினாலும் வண்டி அது மேலதான் உக்காரும்.

வலது பக்கம் பேட் சுமாரா இருந்துச்சு. இடது பக்கம் கழட்டினப்பதான் விஷயம் தெரிஞ்சுது. வெளிப்பக்க பேட் பாதி தேய்ஞ்சிருக்கு, உள்பக்க பேட் ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல! பொதுவா மூணு மில்லிமீட்டருக்கு வந்தாலே மாத்திரணும். ஒரே காலிப்பர்ல இருக்கிற ரெண்டு பேட் ஏன் இப்படித் தேயுது?

காரணம் பேட் இல்ல, பின்னு. இந்த மாதிரி காலிப்பர்ல பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். மிதிச்சதும் பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும். அதோட எதிர்விசையில காலிப்பரே ரெண்டு பின்னு மேல வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்க பேடை இழுத்து அமுக்கும். பின்னு துருப்பிடிச்சு இறுகிப் போனா காலிப்பர் நகராது. உள்பக்க பேட் மட்டும் வேலை பார்த்து, காலை எடுத்தப்புறமும் சரியா விலகாம உரசிக்கிட்டே இருக்கும். மாமா வண்டியில ஒரு பின்னு கையால அசையவே இல்ல. ரப்பர் உறை கிழிஞ்சு, கண்மாய்த் தண்ணி உள்ள போய்த் துருவேறி இருக்கு. ஆறு மாசம் முன்னாடிதான் யாரோ ஒருத்தர்கிட்ட பேட் மாத்தியிருக்கார். பேடை மட்டும் மாட்டி அனுப்பியிருக்காங்க, பின்னைத் தொட்ட அடையாளமே இல்ல.

இதுக்கு நடுவுல மாமா மெதுவா ஒரு பொட்டலத்தை நீட்டினார். ஏற்கனவே பேட் வாங்கி வச்சிட்டாராம். பாதி விலை. அட்டைப்பொட்டியில கம்பெனி பேர்ல ஒரு எழுத்து மாறி இருக்கு.

"இதுவும் பேடுதான மாப்ள?"

"மாமா, இந்த மாசம் ராத்திரி லோடு எடுக்கறீங்கள்ல?"

"ஆமா."

"பின்னாடி பசங்க ஒக்காந்து வருவாய்ங்கள்ல? ரோட்டோரம் பழனிக்குப் போற சனம் நடக்கும்ல?"

மனுசன் ஒண்ணும் பேசல. சட்டைப்பையில கையை விட்டு மீதிக் காசை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பையன் பைக்ல போய் நல்ல பேட், புது ரப்பர் உறை, பிரேக் ஆயில் எல்லாம் வாங்கிட்டு வந்தான்.

எனக்கு இதுல ஒரு ஆதங்கம். பிரேக் சாமானுக்குப் பேர் போனதே நம்ம தமிழ்நாடுதான். 1962ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா, 1974ல வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அப்புறம் ரானே, எல்லாம் சென்னைக் கம்பெனிகள். இப்படி ஊர்லயே செய்யறதை விட்டுட்டு எழுத்து மாறின பொட்டியை வாங்குறோம்.

சரி மேட்டருக்கு வருவோம். பின்னைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, காலிப்பருக்குன்னு விக்கிற சிலிகான் கிரீஸ் தடவினேன். சாதா கிரீஸ் வேண்டாம், சூட்டுல இளகி ஓடும், ரப்பரையும் ஊத வச்சிரும். கழட்டின காலிப்பரை பிரேக் ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டுக் கட்டிக்கணும். பிஸ்டனை உள்ள தள்ள பழைய பேடை மேல வச்சு சி கிளாம்ப்பால மெதுவா முறுக்கினா போதும். அப்ப மேல டப்பாவுல ஆயில் ஏறும், ஒரு கண்ணு அங்க இருக்கட்டும். வழிஞ்சா பெயிண்ட் போச்சு. சக்கரத்துக்குள்ள இருக்கிற கறுப்புத் தூசியை வாயாலயோ ஏர் பைப்பாலயோ ஊதாதீங்க. பழைய சரக்குல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால துடைங்க. வலது பக்கம் சுமாரா இருந்தாலும் ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தினேன். ஒரு பக்கம் மட்டும் புதுசுன்னா மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

இந்த டிஸ்க் பிரேக் ஒண்ணும் நேத்து வந்ததில்ல. இங்கிலாந்துல லான்செஸ்டர்னு ஒருத்தர் 1902லயே காப்புரிமை வாங்கிட்டார். செம்புத் தகடு வச்சாராம், கத்தலோ கத்தல். 1953 லெ மான்ஸ் பந்தயத்துல ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோட ஜெயிச்சப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. அம்பது வருசம்!

எல்லாம் மாட்டியாச்சு. மாமா சாவியை எடுத்துட்டார். "இருங்க மாமா, முதல்ல பெடலை நல்லா பம்ப் பண்ணுங்க." பிஸ்டனைத் தள்ளி வச்சதால முதல் நாலஞ்சு மிதி சும்மா உள்ள போகும். அப்படியே கிளம்பினா எதிர்ல இருக்கிற சுவர்தான் பிரேக். பெடல் கெட்டியானப்புறம் காலி ரோட்டுல அம்பதுல போய் பத்துக்குக் குறைக்கறது, முழுசா நிறுத்தாம, கொஞ்சம் ஆற விட்டு மறுபடியும். பத்துப் பன்னெண்டு தடவை. புது பேடும் டிஸ்க்கும் அப்பதான் ஒண்ணோட ஒண்ணு படியும்.

திரும்பி வந்து இறங்கினவர் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு காதை வச்சுக் கேட்டார்.

"சத்தமே இல்ல மாப்ள."

அன்னைக்கு ராத்திரியே லோடுக்குப் போயிட்டார். எனக்கு அத்தை கையால விரால் மீன் குழம்பு.

டிஸ்கி: பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும். ஈரம் ஏறினா 140 டிகிரியிலயே கொதிக்கலாம். கொடைக்கானல் மலையில பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குறவங்களுக்கு திடீர்னு பெடல் தரைக்குப் போறது இதனாலயும்தான். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாத்துங்க, இறங்கும்போது ரெண்டாவது கியர்ல வாங்க. பாதி தீர்ந்த பழைய டப்பா வீட்டுல இருந்தா அதை ஊத்தாதீங்க.

டிஸ்கி 2: எழுத்து மாறின அந்த பேட் இன்னும் மாமா வீட்டுல இருக்கு. ஜன்னல் கதவு அடிக்காம இருக்க முட்டுக் கொடுத்திருக்கார்.