பயற்றஞ்செடியின் உட்காவல்

மீன் பாடும் தேனாடு என்று மட்டக்களப்பைப் புகழாதார் இலர். ஓசையினாற் பெயர்பெற்ற இந்நாட்டவராகிய நாம், இன்று ஓசை அடக்குதலைப் பற்றி எழுதப் புகுந்தோம். அடக்கப்படுவது வாவி மீனின் பாட்டு அன்று. உயிர்க் கலங்களினுள்ளே இருக்கும் பரம்பரை அலகுகளின் குரல்.

இவ்விடயத்தில் எமக்கு நாட்டத்தை உண்டாக்கியது ஒரு பயற்றங்காணி. படுவான்கரையிலே எமது மாமி ஒருவர் வாழ்கின்றார், கணவரை இழந்தவர். நெல் வெட்டிய பின்னர் மண்ணில் எஞ்சும் ஈரத்தை நம்பி அரை ஏக்கரிற் பயறு விதைப்பார். அவ்விளைச்சலே மகளின் படிப்புக்கு ஆதாரம். இரண்டாண்டுகளுக்கு முன், பூக்கும் பருவத்திலே இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. சில நாட்களிற் பாதிக் காணி பொன் பூசினாற்போல் ஆயிற்று. காய்களோ சிறுத்துச் சுருண்டன.

"கண்ணூறு பட்டுட்டு மனே" என்றார் மாமி. இனிப் பயறு வேண்டாம், காணியைக் குத்தகைக்கு விட்டு, மகளைத் தையல் வேலைக்கு அனுப்பலாம் என்றும் கூறினார். உயர்தரத்தில் உயிரியல் பயிலும் அப்பெண் தலைகுனிந்து நின்றாள். எமக்கு நெஞ்சு கனத்தது.

அந்நோய்க்கு மஞ்சள் தேமல் என்று பெயர். வெண் ஈ இலைச்சாற்றை உறிஞ்சும்போது வைரசைச் செடிக்குச் செடி கொண்டு சேர்க்கின்றது. வைரசு தானே பெருக வல்லதன்று. செடியின் கலத்தினுட் புகுந்து, தன் கட்டளைகளை அங்கே நிறைவேற்றுவித்துப் பெருகும்.

செடி இதற்கு வாளாவிருப்பதில்லை. கலத்தின் கட்டளைகள் யாவும் டி.என்.ஏ. என்னும் ஏட்டில் உள்ளன. அவற்றைப் படியெடுத்த ஓலையே ஆர்.என்.ஏ. அதனைப் பார்த்தே புரதங்கள் ஆக்கப்படுகின்றன. இவ்வோலை வழக்கமாக ஒற்றை இழையாயிருக்கும். வைரசு பெருகும்போதோ இரட்டை இழை ஓலைகள் தோன்றும். அவற்றைக் கண்டதும் டைசர் என்னும் நொதியம் 21 முதல் 24 எழுத்து வரை நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்குகின்றது. ஆகோனோட் என்னும் புரதம் அத்துண்டொன்றைப் பற்றிக்கொண்டு, அதனோடு பொருந்தும் ஓலைகளைத் தேடி வெட்டும். கட்டளை வாசிக்கப்படாமலே அழியும். சில துண்டுகள் மூல ஏட்டின் பக்கத்தையே மூடிவைப்பதும் உண்டு. இதனையே மௌனமாக்கல் என்பர்.

இதன் விளைவை மாந்தர் முன்னரே கண்டனர், காரணத்தை அறிந்திலர். 1928இல் விங்காட் என்னும் அமெரிக்கர், வைரசு தாக்கிய புகையிலைச் செடியின் புதிய இலைகள் நோயின்றித் துளிர்த்ததைக் கண்டார். 1990இல் பெற்றூனியா மலரின் ஊதா நிறத்தை மிகுவிக்கச் சேர்த்த பரம்பரை அலகு, சில மலர்களை வெண்மையாக்கியது. 1998இல் அன்ட்ரூ பயர், கிரெய்க் மெலோ இருவரும் நுண்புழுவொன்றிலே, இரட்டை இழை ஆர்.என்.ஏ.யே மௌனத்தின் காரணம் என நிறுவினர். 2006இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிர் தன் சொந்த அலகுகளை அடக்கியாளவும் சிறு ஆர்.என்.ஏ.க்களை வழங்குகின்றது. அதனை 1993இல் வெளிப்படுத்திய அம்புறோசு, ரவ்குன் இருவரும் 2024இல் அப்பரிசைப் பெற்றனர்.

எமக்கு மிக அண்மையான செய்தி மதுரையினது. அங்குள்ள காமராசர் பல்கலைக்கழகத்து வேலுத்தம்பி முதலானோர், சுவிற்சர்லாந்து அறிஞருடன் இணைந்து, மஞ்சள் தேமல் தாக்கிய உழுந்துச் செடிகளில், அவ்வைரசின் பகுதியொன்றுக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகச் செய்தனர். செடிகள் பல நோயினின்று தேறின. 2003இல் இது வெளியாயிற்று. பயற்றுக்கு உடன்பிறப்பன்றோ உழுந்து! ஆயினும் அவ்வாய்வு விதைப்பையாக மாமியின் கைக்கு இன்னும் வந்ததில்லை.

இவற்றையெல்லாம் மாமிக்குக் கூறினோம். செடிக்குக் காவல் உண்டு. வைரசிடமும் அக்காவலை மழுக்கும் புரதம் உண்டு. முந்துவதே வெல்லும் என்றோம். "அப்ப கண்ணூறு இல்லையா மனே?" என்றார். மகள் நிமிர்ந்து, "அந்த ஈயிட வாயிலதான் கண்ணூறு இருக்கு அம்மா" என்றாள். மாமி சிரித்துவிட்டார்.

அடுத்த போகத்தில், நோய் எதிர்க்கும் இனம் எதுவெனக் கேட்டறிந்து விதைத்தனர். காலைதோறும் தாயும் மகளும் காணியைச் சுற்றிவந்து, மஞ்சளித்த செடியை உடனே பிடுங்கிப் புதைத்தனர். கிடைத்தது முழு விளைச்சல் அன்று. ஆயினும் பயறு விற்ற பணத்தில் மகளின் பாடப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. குத்தகைப் பேச்சும் அவ்வீட்டிற் பின்னர் எழவில்லை.