பக்கத்துக் குரல்

எனக்குப் பாட வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதெல்லாம் பாடியதைப் பற்றித்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் இப்படிச் சொல்வதே கொஞ்சம் வெட்கமான விஷயம். 1943-இல் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்களுக்கு அடுத்த ஊர் போலத்தான். அந்தக் காற்று அவருக்குக் கொடுத்ததில் ஒரு சொட்டாவது எனக்கும் தெறித்திருக்கலாம், தெறிக்கவில்லை.

இருந்தாலும், பன்னிரண்டு வயதில் நான் கோயில் பாடற்குழுவில் இருந்தேன். எந்த ஊர்க் கோயில் என்று கேட்காதீர்கள். எங்கள் பாட்டு வாத்தியாரின் உறவினர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் கோயில்களுக்கும் பஞ்சமில்லை. இராயப்பன்பட்டியில் பனிமய மாதாவுக்குக் கோயில் இருக்கிறது. அனுமன் பெயரைத் தாங்கிய அனுமந்தன்பட்டியிலும் கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தத் திராட்சையைக்கூட 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்பது மார்கழிதான். விடியற்காலையில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவை பாடும். இரவில் எங்கள் ஆர்மோனியம் முனகும். நடுவே, 1895-இல் கட்டி முடித்த பெரியாற்று அணையின் தண்ணீர் நிற்கும் வயல்கள். மேற்கு மலையிலிருந்து இறங்கும் பனி அவற்றின் மேல் பாலாடை போல் படிந்திருக்கும்.

அந்த வருஷம் மார்கழிக்குச் சற்று முன்னே என் குரல் உடைந்துவிட்டது. ஒரு வரியை நான் மேலே கொண்டுபோனால் அது பாதி வழியில் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளும். மூன்றாம் நாள் ஒத்திகையில் வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்தினார். "நீ வரிசையில் நில்லு. வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்" என்றார். மற்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அழுதேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறுகளிலும் பூசையில் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதம் கிடையாது. கிறிஸ்துமஸ் நள்ளிரவில்தான் அது திரும்பி வரும். அப்போது கோபுரத்து மணியும் பீடத்து மணியும் சேர்ந்து அடிக்கும். அத்தனை நாள் அடக்கி வைத்த வாய்கள் ஒன்றாகத் திறக்கும். அந்தக் கணத்துக்காகத்தான் நாங்கள் ஒரு மாதம் ஒத்திகை பார்ப்போம். அந்தக் கணத்தில்தான் நான் மௌனமாக வாயசைக்க வேண்டும்.

கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் நின்றார். ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர். மலை மேல் லயத்திலேயே இருந்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஊருக்கு இறங்குவார். இளமையில் லத்தீனில் கீதம் பாடியவர். 1963-இல் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் அவரவர் தாய்மொழிக்கு இடம் கொடுத்து, தமிழ் வந்த பிறகும் அவருக்கு நாக்கு முழுவதும் திரும்பவில்லை. இரண்டும் கலந்து வரும். குரல் அடித்தொண்டையில் உலக்கை இடிப்பது போல் இருக்கும். வாத்தியார் அவரை ஒன்றும் சொல்வதில்லை. வயசுக்கு மரியாதை.

பூசை தொடங்கியதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏப்பா, வாயசையுது, சத்தத்தைக் காணோமே?"

"வாத்தியார் வேணாம்னுட்டார், தாத்தா."

அவர் சற்று யோசித்தார். "நாத்து நடுறப்ப ஒருத்திக்குக் குலவை சரியா வரலேன்னு அவளை வரப்புல உக்காரச் சொல்றாகளா? நீ பாடலேன்னா எனக்கு இந்தப் பக்கம் காத்தடிக்குது. பாடு" என்றார்.

மணிகள் அடித்தன. குடிலின் திரை விலகியது. நான் பாடினேன். என் குரல் வழக்கம்போலத் தடுமாறிக் கீழே விழுந்தது. ஆனால் இந்தத் தடவை அது விழுந்த இடத்தில் கிழவரின் குரல் இருந்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எது என் குரல், எது அவர் குரல் என்று எனக்கே தெரியவில்லை. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. வாத்தியார் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆர்மோனியத்தின் பக்கம் குனிந்துகொண்டார்.

2013-இல் சுவீடனில், கோதன்பர்க் பல்கலைக்கழகத்தார், சேர்ந்து பாடுகிறவர்களின் நாடித் துடிப்பை அளந்து பார்த்தார்கள். ஒரே பாட்டுக்கு ஒன்றாக மூச்சு விடுவதால் இதயங்களும் ஒன்றாகவே விரைந்தும் தணிந்தும் துடிக்கின்றனவாம். படித்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. 1818-இல் ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூர்க் கோயிலில் மோர் என்ற பாதிரியாரும் குரூபர் என்ற பள்ளி ஆசிரியரும் ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு முதன்முதலாக 'அமைதியான இரவு' கீதத்தைப் பாடினார்களே, அவர்களுக்குப் பின்னால் நின்ற பாடகர் கூட்டத்திலும் என்னைப் போல ஒருவன் இருந்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றும். தனியாகப் பாடுவதற்கு வித்தை வேண்டும். கூடிப் பாடுவதற்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

இரண்டு வருஷம் கழித்துக் கிழவர் மலையிலிருந்து இறங்கவில்லை. சேதி தை மாசத்தில்தான் வந்தது. ஆனால் அந்த நள்ளிரவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கம் காற்றடித்தது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆர்மோனியம் போய் மின் கீபோர்டு வந்திருக்கிறது, ஒலிவாங்கிகள் வந்திருக்கின்றன. நான் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டேன். மணி அடித்ததும் வாய் விட்டுப் பாடினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட வராதவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு ஏது?